பழனி மலைகளில் காலநிலை மாற்றம்

பழனி மலைகளில் காலநிலை மாற்றம் என்பது, தமிழ்நாட்டின் திண்டுக்கல் மாவட்டத்தில் பெரும்பகுதி அமைந்துள்ள பழனி மலைத்தொடரில் புவி சூடாதலால் ஏற்படும் மாற்றங்களையும், கனமழை, நிலச்சரிவு, வறட்சி, காட்டுத்தீ ஆகிய கடும் வானிலை நிகழ்வுகளோடு அவற்றுக்குள்ள தொடர்பையும் குறிக்கும். கொடைக்கானல் நகரமும் பள்ளங்கி, வில்பட்டி, பூம்பாறை, மன்னவனூர், கூக்கால், தாண்டிக்குடி முதலிய மலையூர்களும் இத்தொடரில் அமைந்துள்ளன.

இம்மலைகளில் ஒரு கடும் மழையோ நீண்ட வறட்சியோ எவ்வளவு சேதம் விளைவிக்கும் என்பதை இரண்டு காரணிகள் தீர்மானிக்கின்றன. ஒன்று, சூடாகிவரும் வளிமண்டலம். மற்றொன்று, மழைநீரைத் தாங்கிக்கொள்ளும் நிலத்தின் தன்மை. முதலாவது உலகளாவியது, இரண்டாவது பெரும்பாலும் உள்ளூர் மாந்தரின் செயல்பாடுகளால் ஆனது. இவ்விரண்டையும் பிரித்தறிவது, ஒரு பேரிடரின் காரணத்தைச் சரியாக விளங்கிக்கொள்ளவும் அடுத்ததைத் தவிர்க்கவும் இன்றியமையாததாகும்.

புவியியலும் இயல்பான காலநிலையும்

பழனி மலைகள் மேற்குத் தொடர்ச்சி மலையிலிருந்து கிழக்கு நோக்கி நீளும் ஒரு கிளையாகும். இதன் பரப்பு சுமார் 2,000 சதுர கிலோமீட்டர். மிக உயர்ந்த சிகரம் வந்தரவு ஆகும். கொடைக்கானல் நகரம் ஏறத்தாழ 2,100 மீட்டர் உயரத்தில் உள்ளது.

தமிழ்நாட்டின் பெரும்பகுதியைப் போலவே இம்மலைகளும் வடகிழக்குப் பருவமழையின்போது (அக்டோபர் முதல் டிசம்பர் வரை) அதிக மழை பெறுகின்றன. தென்மேற்குப் பருவக்காற்றும் மழை தருகிறது. எனினும் ஆனைமலையும் அதனையடுத்த உயர்மலைகளும் அக்காற்றைத் தடுப்பதால், மேற்குச் சரிவுகளில் பெய்யுமளவு இங்கு பெய்வதில்லை. இவற்றுக்கு இடையே கோடை மழையும் உண்டு. ஆண்டின் பல மாதங்களில் மழை பெறுவதாலேயே மலையோடைகள் நீண்ட காலம் வற்றாமல் ஓடுகின்றன.

மலைகளின் வடசரிவில் தோன்றும் சண்முகநதி, நங்காஞ்சி, குடகனாறு முதலியவை அமராவதி வழியாகக் காவிரியை அடைகின்றன. தென்சரிவில் தோன்றும் வராக நதி, மஞ்சளாறு, மருதாநதி ஆகியவை வைகையைச் சேர்கின்றன. பெரியகுளம் நகருக்குக் குடிநீர் தரும் பேரிஜம் ஏரியும் இம்மலைகளிலேயே உள்ளது. எனவே மலைமேல் ஏற்படும் மாற்றம் அடிவாரத்து வயல்களையும் குடிநீர்க் குழாய்களையும் சென்றடைகிறது.

வானிலைப் பதிவுகளின் வரலாறு

காலநிலை என்பது பல பத்தாண்டுகளின் வானிலைச் சராசரி ஆகும். ஆகவே அதில் மாற்றம் உண்டா என்பதை அறிய நீண்டகாலப் பதிவுகள் தேவை. இவ்வகையில் கொடைக்கானலுக்கு ஒரு தனிச்சிறப்பு உண்டு.

1876 - 1878 காலப்பகுதியில் சென்னை மாகாணத்தைத் தாக்கிய பெரும் பஞ்சத்துக்குப் பின்னர், பருவமழை பொய்ப்பதற்கும் சூரியனில் நிகழும் மாற்றங்களுக்கும் தொடர்பு இருக்கக்கூடும் என்ற கருத்து வலுப்பெற்றது. சூரியனைத் தொடர்ந்து நோக்க வேண்டும் எனப் பஞ்ச ஆணையம் பரிந்துரைத்தது. அதன் விளைவாகச் சென்னையில் இயங்கிய வானாய்வு நிலையத்தின் பணிகள் 1899 ஆம் ஆண்டு கொடைக்கானலுக்கு மாற்றப்பட்டன. சார்லசு மிச்சி சுமித் இதன் முதல் இயக்குநர் ஆவார். 1901 முதல் சூரிய நோக்கீடுகள் நடைபெறத் தொடங்கின. 1909 இல் சான் எவர்செட் சூரியப் புள்ளிகளில் வளிம ஓட்டத்தை இங்கிருந்து கண்டறிந்தார். இது எவர்செட் விளைவு எனப்படுகிறது. இந்நிலையம் பிற்காலத்தில் இந்திய வான் இயற்பியல் நிறுவனத்தின் கீழ் வந்தது. வெப்பநிலை, மழை ஆகிய அளவீடுகளும் கொடைக்கானலில் நூறாண்டுகளுக்கு மேலாகப் பதிவு செய்யப்பட்டு வருகின்றன. வளிமண்டலத்தின் மொத்த ஓசோன் அளவை இந்திய வானிலை ஆய்வுத் துறை இங்கு அளந்துவந்துள்ளது.

பஞ்சத்தின் காரணத்தைச் சூரியனில் தேடியே இந்நிலையம் உருவானது. சூரியப் புள்ளிகள் சுமார் 11 ஆண்டுகளுக்கு ஒருமுறை கூடிக் குறைந்தாலும், இச்சுழற்சியில் சூரியனிலிருந்து வரும் ஆற்றல் ஏறத்தாழ 0.1 விழுக்காடே மாறுகிறது என்பது பின்னர் செயற்கைக்கோள் அளவீடுகளால் தெரியவந்தது. 1970களின் இறுதியிலிருந்து இவ்வாற்றல் கூடவில்லை. அதே காலத்தில் புவியின் வெப்பநிலை தொடர்ந்து உயர்ந்துள்ளது. ஆகவே தற்போதைய சூடாதலுக்குச் சூரியன் காரணமல்ல. நிலக்கரி, எண்ணெய், எரிவளி ஆகியவற்றை எரிப்பதாலும் காடழிப்பாலும் வெளியாகும் பைங்குடில் வளிமங்களே காரணம் என்பது அறிவியலாளரின் முடிவாகும்.

புவி சூடாதலும் கடும் வானிலையும்

காலநிலை மாற்றத்துக்கான அரசுகளிடைக் குழுவின் 2021 ஆம் ஆண்டு அறிக்கையின்படி, 2011 - 2020 காலப்பகுதியில் புவியின் சராசரி வெப்பநிலை தொழிற்புரட்சிக்கு முந்தைய நிலையைவிடச் சுமார் 1.1 பாகை செல்சியஸ் உயர்ந்திருந்தது. இந்தியாவின் சராசரி வெப்பநிலை 1901 - 2018 காலப்பகுதியில் ஏறத்தாழ 0.7 பாகை உயர்ந்துள்ளதாகப் புவி அறிவியல் அமைச்சகம் 2020 இல் வெளியிட்ட மதிப்பீடு கூறுகிறது. வெப்பமண்டல இந்தியப் பெருங்கடலின் மேற்பரப்பு 1951 - 2015 காலப்பகுதியில் சுமார் 1 பாகை சூடாகியுள்ளது என்றும் அது குறிப்பிடுகிறது.

வெப்பநிலை உயர்வு கடும் வானிலையாக மாறும் முக்கிய வழிகள் வருமாறு:

கனமழை: வெப்பநிலை 1 பாகை உயர்ந்தால் காற்று சுமார் 7 விழுக்காடு கூடுதல் நீராவியைத் தாங்கும். மலையில் மோதி மேலெழும் காற்று குளிரும்போது இந்நீராவி மழையாகிறது. இதனால் மொத்த மழை கூடாத ஆண்டிலும், பெய்யும் மழை குறைந்த நாட்களில் அதிக வேகத்துடன் பெய்ய வாய்ப்பு உண்டாகிறது.

வறட்சி: சூடான காற்று மண்ணிலிருந்தும் இலைகளிலிருந்தும் கூடுதல் நீரை உறிஞ்சுகிறது. இரு மழைகளுக்கு இடைப்பட்ட நாட்களில் மண் முன்னைவிட விரைவாகக் காய்கிறது.

காட்டுத்தீ: காய்ந்த புல்லும் சருகும் எளிதில் பற்றிக்கொள்கின்றன. தீயை மூட்டுவது பெரும்பாலும் மனிதரே. அது பரவும் வேகத்தைத் தீர்மானிப்பது வறட்சியும் காற்றும் ஆகும்.

புயல்: கடல் மேற்பரப்பின் வெப்பமே புயலுக்கு ஆற்றல் தருகிறது. கடல் சூடாகும்போது வலுவான புயல்களின் விகிதமும் அவை கொணரும் மழையும் கூடும் என எதிர்பார்க்கப்படுகிறது.

காரணியாய்வு

"இந்தப் பேரிடருக்குக் காலநிலை மாற்றம்தான் காரணமா?" என்ற கேள்விக்கு ஆம், இல்லை என்று விடையளிப்பது பெரும்பாலும் இயலாது. கடும் வானிலை எக்காலத்திலும் இருந்துள்ளது. எனவே அறிவியலாளர் கேள்வியை மாற்றி அமைக்கின்றனர்: மனிதரால் சூடாக்கப்படாத உலகில் இதே நிகழ்வு எத்தனை ஆண்டுகளுக்கு ஒருமுறை நிகழும், இன்றைய உலகில் எத்தனை ஆண்டுகளுக்கு ஒருமுறை நிகழும் என்று கணினிப் படிமங்களையும் பழைய பதிவுகளையும் கொண்டு ஒப்பிடுகின்றனர். இம்முறை காரணியாய்வு எனப்படும்.

இத்துறையின் தொடக்கம் ஐரோப்பாவில் அமைந்தது. 2003 ஆம் ஆண்டுக் கோடையில் அங்கு வீசிய வெப்ப அலையில் சுமார் 70,000 பேர் இறந்தனர் என மதிப்பிடப்பட்டுள்ளது. அத்தகைய வெப்ப அலைக்கான வாய்ப்பை மனிதச் செயல்பாடு குறைந்தது இரு மடங்காக்கியிருக்கக்கூடும் என 2004 இல் வெளியான ஆய்வு காட்டியது. 2021 சூலையில் செருமனி, பெல்சியம் முதலிய நாடுகளில் ஏற்பட்ட வெள்ளத்தில் 200க்கும் மேற்பட்டோர் இறந்தனர். அம்மழையின் வேகம் காலநிலை மாற்றத்தால் 3 முதல் 19 விழுக்காடு வரை கூடியது என்றும், அத்தகைய மழைக்கான வாய்ப்பு 1.2 முதல் 9 மடங்கு வரை உயர்ந்தது என்றும் வேர்ல்டு வெதர் அட்ரிபியூசன் எனும் ஆய்வாளர் குழு கணித்தது. 1980களிலிருந்து ஐரோப்பா உலகச் சராசரியைப் போல் ஏறத்தாழ இரு மடங்கு வேகத்தில் சூடாகிவருகிறது.

தென்னிந்தியாவில் நடத்தப்பட்ட இரு ஆய்வுகள் இம்முறையின் இயல்பை நன்கு விளக்குகின்றன. 2015 டிசம்பரில் சென்னையை மூழ்கடித்த பெருமழையை ஆராய்ந்தோர், அம்மழைக்கான வாய்ப்பைப் புவி சூடாதல் கூட்டியதற்கான தெளிவான சான்று கிடைக்கவில்லை என 2016 இல் அறிவித்தனர். வளிமண்டலத்தில் மிதக்கும் தூசுப்படலம் சூடாதலை ஓரளவு மறைத்திருக்கக்கூடும் என்பது அவர்கள் கூறிய காரணங்களுள் ஒன்றாகும். மாறாக, பழனி மலைகளைப் போலவே மேற்குத் தொடர்ச்சி மலையைச் சேர்ந்த வயநாட்டில் 2024 சூலை 30 அன்று 200க்கும் மேற்பட்டோரைப் பலிகொண்ட நிலச்சரிவுக்குக் காரணமான மழை, காலநிலை மாற்றத்தால் சுமார் 10 விழுக்காடு கூடுதலாகப் பெய்தது எனக் கணிக்கப்பட்டது. ஒரு நிகழ்வின் முடிவை மற்றொன்றுக்கு அப்படியே பொருத்த இயலாது என்பதை இவை காட்டுகின்றன.

மலைநிலப் பயன்பாட்டில் மாற்றங்கள்

பழனி மலைகளின் உயர்பகுதியில் இயற்கையாக அமைந்த நிலத்தோற்றம், பள்ளத்தாக்குகளில் சோலைக்காடுகளும் மேடுகளில் புல்வெளிகளும் கலந்த ஒன்றாகும். புல்வெளியின் அடர்ந்த வேர்களும் கரிமப்பொருள் மிகுந்த கருமண்ணும் மழைநீரைப் பிடித்துவைத்துச் சிறுகச் சிறுக ஓடைகளுக்கு விடுகின்றன. சோலைகள் மூடுபனியிலிருந்தும் ஈரத்தைச் சேகரிக்கின்றன.

ஆங்கிலேயர் ஆட்சியிலும் விடுதலைக்குப் பின்னரும் புல்வெளிகள் பயனற்ற தரிசாகவே கருதப்பட்டன. தோல் பதனிடுவதற்குத் தேவையான பட்டைக்காக வாட்டில் எனப்படும் சீகை மரமும், காகிதம், விறகு முதலிய தேவைகளுக்காக யூக்கலிப்டசு, பைன் ஆகியனவும் நடப்பட்டன. 1973க்கும் 2014க்கும் இடைப்பட்ட செயற்கைக்கோள் படங்களை ஒப்பிட்டு 2018 இல் வெளியான ஆய்வு, பழனி மலைகளின் உயர்புல்வெளிகளில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு இக்காலத்தில் மறைந்துவிட்டதாகக் கண்டறிந்தது. அவற்றின் இடத்தை மரத்தோட்டங்களும் வேளாண் நிலங்களும் பிடித்துள்ளன. வாட்டில் மரம் நட்ட இடத்தோடு நில்லாமல் தானாகவும் பரவிவருகிறது.

இம்மாற்றம் நீர்வளத்தைப் பாதிக்கும் விதம் அண்டை மலையான நீலகிரியில் அளந்தறியப்பட்டுள்ளது. அங்குக் கிளன்மார்கனில் இரு சிறு நீர்ப்பிடிப்புப் பகுதிகளை ஒப்பிட்டு நடத்திய நீண்டகால ஆய்வில், புல்வெளியில் யூக்கலிப்டசு நட்ட பகுதியிலிருந்து வரும் நீர் முதல் பத்தாண்டுச் சுற்றில் சுமார் 16 விழுக்காடு குறைந்தது.

மலைச்சரிவுகளை வெட்டிச் சாலையும் கட்டடமும் அமைப்பது மற்றொரு மாற்றமாகும். சரிவின் அடிப்பகுதி வெட்டப்படும்போது மேலுள்ள மண் தாங்கலை இழக்கிறது. நீர் வழிந்தோடும் இயற்கைத் தடம் அடைபட்டால், மண்ணுள் தேங்கும் நீரின் அழுத்தம் சரிவை நகர்த்துகிறது. இவ்வாறான இடங்களில், முன்பு தாங்கக்கூடியதாய் இருந்த மழையே நிலச்சரிவுக்குப் போதுமானதாகிவிடுகிறது.

கடும் வானிலை நிகழ்வுகள்

பழனி மலைகளையும் அண்டை மலைப்பகுதிகளையும் அண்மைக்காலத்தில் பாதித்த முக்கிய நிகழ்வுகள் சில:

2009 நவம்பர்: நீலகிரி மாவட்டம் கேத்தியில் ஒரே நாளில் 82 செ.மீ. மழை பதிவானது. தொடர்ந்து ஏற்பட்ட நிலச்சரிவுகளில் 40க்கும் மேற்பட்டோர் இறந்தனர்.

2016: வடகிழக்குப் பருவமழை தமிழ்நாட்டில் இயல்பைவிட 62 விழுக்காடு குறைந்தது. 2017 சனவரியில் மாநிலம் முழுவதும் வறட்சி பாதித்ததாக அறிவிக்கப்பட்டது.

2018 மார்ச் 11: பழனி மலைகளை ஒட்டிய போடி மலைப்பகுதியில் குரங்கணி காட்டுத்தீயில் சிக்கி, மலையேற்றத்துக்குச் சென்ற 20க்கும் மேற்பட்டோர் இறந்தனர்.

2018 நவம்பர் 16: வேதாரண்யம் அருகே கரையைக் கடந்த கஜா புயல், மேற்கு நோக்கி நகர்ந்து திண்டுக்கல் மாவட்டத்தின் வழியே கேரளத்தை அடைந்தது. கொடைக்கானல் பகுதியில் மரங்கள் சாய்ந்தும் மண் சரிந்தும் சாலைப் போக்குவரத்தும் மின்சாரமும் தடைப்பட்டன. கடற்கரையிலிருந்து வெகு தொலைவிலுள்ள மலையூர்களும் புயலுக்கு உட்பட்டவையே என்பதை இந்நிகழ்வு உணர்த்தியது.

2019 ஆகஸ்ட்: நீலகிரியின் அவலாஞ்சியில் ஒரே நாளில் 80 செ.மீ.க்கும் அதிகமான மழை பெய்தது.

2024 ஏப்ரல்: உதகமண்டலத்தில் 29 பாகை செல்சியஸ் வெப்பநிலை பதிவானது, இது 1951க்குப் பின் அங்குப் பதிவான உச்சமாகும். அதே கோடையில் கொடைக்கானல் மேல்மலைப் பகுதியில் காட்டுத்தீ பரவியது.

இவற்றுள் ஒவ்வொன்றையும் காலநிலை மாற்றத்தின் நேரடி விளைவு எனக் கூற இயலாது. எனினும் கனமழையும் வறட்சியும் ஒரே வட்டாரத்தில் மாறிமாறித் தோன்றுவது, சூடாகும் உலகில் எதிர்பார்க்கப்படும் போக்கோடு பொருந்துகிறது.

தாக்கங்கள்

வேளாண்மை

கொடைக்கானலை அடுத்த பள்ளங்கி, வில்பட்டி முதலிய ஊர்களில் மலைச்சரிவுகள் படிக்கட்டு வயல்களாக அமைக்கப்பட்டு உருளைக்கிழங்கு, கேரட், பீன்ஸ், முட்டைக்கோசு, பூண்டு முதலியன பயிரிடப்படுகின்றன. இவற்றுள் கொடைக்கானல் மலைப்பூண்டு 2019 இல் புவிசார் குறியீடு பெற்றது. நீண்ட நாள் கெடாதிருக்கும் இதன் தன்மைக்கு மலையின் குளிர்ந்த காலநிலையே காரணம் எனக் கூறப்படுகிறது. ஆகவே இப்பயிரின் பெயரும் விலையும் காலநிலையைச் சார்ந்தே உள்ளன.

குளிர்ப்பருவக் காய்கறிகளுக்கு வெப்பநிலை உயர்வு நேரடிப் பாதிப்பாகும். மழையும் மூடுபனியும் பல நாட்கள் நீடித்தால் உருளைக்கிழங்கில் பின்பருவக் கருகல் நோய் பரவுகிறது. வேகமாகப் பெய்யும் மழை படிக்கட்டு வயல்களின் வரப்பை உடைத்து மேல்மண்ணை அடித்துச் செல்கிறது. அவ்வாறு இழந்த மண் மீண்டும் உருவாக மனித வாழ்நாளினும் நெடுங்காலம் தேவைப்படும். மழையற்ற மாதங்களில் இவ்வயல்களுக்கு ஓடைநீரே ஆதாரம் என்பதால், மேலேயுள்ள புல்வெளியும் சோலையும் இழந்த நீர்ப்பிடிப்பு வயலில் பற்றாக்குறையாக வெளிப்படுகிறது.

தாண்டிக்குடி, பண்ணைக்காடு, பெரும்பாறை முதலிய கீழ்மலைப் பகுதிகளில் காப்பி, மிளகு, மலைவாழை ஆகியன விளைகின்றன. காப்பிச் செடி பூப்பதற்குக் கோடையின் தொடக்கத்தில் சரியான நாட்களில் மழை தேவை. அம்மழை தவறினாலும், அறுவடைக்காலத்தில் மழை மிகுந்தாலும் விளைச்சல் குறையும்.

நீர்வளம்

மழை குறைந்த நாட்களில் மிகுந்த வேகத்துடன் பெய்தால், அதில் பெரும்பங்கு மண்ணுள் இறங்காமல் வழிந்தோடுகிறது. மஞ்சளாறு, மருதாநதி, சோத்துப்பாறை, வரதமாநதி, பாலாறு-பொருந்தலாறு, குதிரையாறு, பரப்பலாறு ஆகிய அடிவார அணைகளை இது இரு வகையில் பாதிக்கும்: வெள்ளக்காலத்தில் நீரோடு வண்டலும் வந்து சேர்கிறது, கோடையில் வரத்து நின்றுவிடுகிறது.

உயிரினங்கள்

மலையில் ஒவ்வொரு 1,000 மீட்டருக்கும் வெப்பநிலை சராசரியாக 6.5 பாகை குறைகிறது. இதன்படி, 1 பாகை சூடாதல் என்பது ஓர் உயிரினத்துக்கு உகந்த வெப்பநிலை சுமார் 150 மீட்டர் மேலே நகர்வதற்குச் சமமாகும். சமவெளி உயிரினங்கள் மலையேற இடமுண்டு. ஆனால் மலையுச்சியில் வாழ்பவற்றுக்கு அதற்கு மேல் இடமில்லை. இத்தகைய மலைகள் வானத்தீவுகள் எனக் குறிப்பிடப்படுகின்றன. பழனிச் சிரிப்பான், சோலைக்கிளி எனப்படும் வெண்வயிற்று நீலப் பறவை முதலியன உயர்மலைச் சோலைகளைச் சார்ந்தவை. பன்னிரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை பூக்கும் நீலக்குறிஞ்சிக்குப் புல்வெளியே வாழிடமாகும். அண்மையில் 2006, 2018 ஆகிய ஆண்டுகளில் இது பூத்தது.

தணிப்பும் தகவமைப்பும்

புவி சூடாதலைக் குறைக்கும் முயற்சிகள் தணிப்பு எனவும், நேர்ந்துவிட்ட மாற்றத்துக்கு ஏற்ப வாழ்முறையை அமைத்துக்கொள்வது தகவமைப்பு எனவும் வழங்கப்படுகின்றன. பைங்குடில் வளிமங்களைக் குறைக்க 2015 இல் பாரிசு உடன்பாடு ஏற்பட்டது. ஒரு மலையூர் தனித்து நின்று உலக வெப்பநிலையைக் குறைக்க இயலாது. ஆனால் நிலத்தின் தாங்குதிறனை அங்கேயே மாற்றியமைக்க இயலும். இந்நோக்கில் மேற்கொள்ளப்பட்ட நடவடிக்கைகள் சில:

பழனி மலைகள் பாதுகாப்புக் குழு 1985 இல் தொடங்கப்பட்டு, நாற்றங்கால்கள் அமைத்தல், சோலைப் பாதுகாப்பு ஆகியவற்றில் ஈடுபட்டது.

2013 இல் சுமார் 609 சதுர கிலோமீட்டர் பரப்பு கொடைக்கானல் வனவிலங்குக் காப்பகமாக அறிவிக்கப்பட்டது.

2022 இல் அயல் ஊடுருவல் தாவரங்களை அகற்றுவதற்கான கொள்கையைத் தமிழ்நாடு அரசு வெளியிட்டது. அதே ஆண்டில் தமிழ்நாடு காலநிலை மாற்ற இயக்கமும் தொடங்கப்பட்டது.

அயல் மரங்களை அகற்றும் முறை குறித்துக் கருத்து வேறுபாடு உண்டு. புல்வெளியை மீட்க அவற்றை விரைவில் வெட்டி அகற்ற வேண்டும் என்பது ஒரு சாராரின் கருத்து. முதிர்ந்த தோட்டங்களின் நிழலில் சோலைக் கன்றுகள் தாமாக முளைத்துவருகின்றன என்றும், செங்குத்தான சரிவில் மொத்தமாக வெட்டினால் மண்ணரிப்பு நேரும் என்றும் மறுசாரார் கூறுகின்றனர். புல்வெளியாக எஞ்சியுள்ள இடங்களில் புதிதாக மரம் நடுவது மீட்பு ஆகாது என்பதை இரு சாராருமே ஏற்கின்றனர்.

இவை தவிர, படிக்கட்டு வயல்களில் கல்வரப்பைப் பேணுதல், சரிவுக்குக் குறுக்காகப் பயிரிடுதல், ஓடைக்கரைகளில் கட்டடங்களைத் தவிர்த்தல், சாலையோர வடிகால்களைப் பருவமழைக்கு முன் தூர்வாருதல் ஆகியன செலவு குறைந்த தகவமைப்பு முறைகளாகும். மலைப்பகுதியில் ஒரு முகட்டுக்கும் அடுத்த முகட்டுக்கும் மழையளவு பெரிதும் வேறுபடுவதால், ஊர்தோறும் மழைமானி வைத்துப் பதிவுசெய்வதும் பயனுள்ளது. அது எச்சரிக்கைக்கு உதவுவதோடு, பிற்கால ஆய்வுகளுக்கும் அடிப்படையாக அமையும். கொடைக்கானலின் நூற்றாண்டுப் பதிவுகள் இன்று பயன்படுவது அவ்வாறே ஆகும்.

இவற்றையும் பார்க்க

பழனி மலைகள்
கொடைக்கானல் சூரிய வானாய்வு நிலையம்
சோலைக்காடுகள்
புவி சூடாதல்
வடகிழக்குப் பருவமழை
கஜா புயல்